கேஸ் கிரில் வாங்கப் போகிறீர்களா? மூடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

நமது ஊர்களில் மாலை நேர உணவு வியாபாரம் என்றால் ஒரு காலத்தில் கொத்து ரொட்டியும் சோட்டீஸும்தான். இன்று அந்த வரிசையில் சுட்ட கோழியும் சேர்ந்துவிட்டது. வளைகுடா நாடுகளில் ஹோட்டல் சமையலறைகளில் வேலை பார்த்துத் திரும்பிய சகோதரர்களில் கடை வாடகைக்கு எடுக்க வசதியில்லாதவர்கள், வீட்டின் பின்வளவிலேயே கிரில் ஒன்றை வைத்து வார இறுதிகளில் ஓர்டருக்குச் சுட்டுக் கொடுக்கிறார்கள். குடும்பத்தின் தேவைக்காக மட்டும் ஒன்றை வாங்க நினைப்பவர்களும் உண்டு. கரி அடுப்பில் தொடங்குபவர்கள் சிறிது காலத்தில் கேஸ் கிரிலுக்கு மாற விரும்புவது இயல்பு. நெருப்பு மூட்டும் நேரம் மிச்சமாகிறது, சூட்டைக் கூட்டிக் குறைக்க முடிகிறது, அயல் வீட்டுக்குப் புகை போவதும் குறைகிறது.

கடையில் வரிசையாக நிற்கும் கிரில்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். விலையிலோ இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வித்தியாசம் தெரியும். விற்பனையாளர் பேர்னர்களின் எண்ணிக்கையைச் சொல்வார். வாங்க வந்தவர் மூடியின் பளபளப்பைப் பார்ப்பார். ஆனால், ஒரு கிரில் எத்தனை வருடம் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பவை இவை இரண்டும் அல்ல. உள்ளே இருக்கும் உலோகமும், பேர்னர் குழாயும், உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதுமே அதைத் தீர்மானிக்கின்றன.

உப்புக் காற்றும் உருக்கும்

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று எழுதியிருப்பதாலேயே அது துருப்பிடிக்காது என்று நம்பிவிடக் கூடாது. அந்தப் பெயரில் பல தரங்கள் இருக்கின்றன. 304 என்ற தரத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்திருக்கும். 430 என்ற தரத்தில் குரோமியம் இருக்கும், நிக்கல் இல்லை என்றே சொல்லலாம். 201 என்ற தரத்தில் நிக்கலின் ஒரு பகுதிக்குப் பதிலாக விலை குறைந்த மங்கனீசு சேர்க்கப்படுகிறது. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து உருக்கின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படையை உண்டாக்குகிறது. துருவைத் தடுப்பது இந்தப் படைதான். உப்பிலுள்ள குளோரைட்டு இந்தப் படையைத் துளைக்கும். முதலில் ஊசி முனை அளவு புள்ளிகள் தோன்றும், பிறகு அவை குழிகளாகும்.

ஆகவே, அக்குறணையிலோ மாவனல்லையிலோ வசிப்பவருக்குப் பொருந்தும் கிரில், காத்தான்குடியிலோ கல்முனையிலோ பேருவளையிலோ கடற்காற்று வீசும் வளவில் அதே காலம் தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மலைநாட்டில் 430 தரம் பல வருடம் ஓடலாம். கரையோரத்தில் 304 தரத்துக்குக் குறைந்ததை வாங்குவது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம். கடலுக்கு மிக அருகில் என்றால் மொலிப்டினம் கலந்த 316 தரம் இன்னும் நல்லது. ஆனால் அதன் விலை வீட்டு வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது. 304 போதும், பராமரிப்பைச் சரியாகச் செய்யுங்கள்.

தரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? சிறிய காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம். 430 தரத்தில் காந்தம் நன்றாக ஒட்டும், 304இல் பெரும்பாலும் ஒட்டாது. இந்தச் சோதனையை முழுவதுமாக நம்பிவிடவும் கூடாது. 201 தரத்திலும் காந்தம் ஒட்டாது. 304 தகட்டின் வளைத்த ஓரங்களில் சற்று ஒட்டவும் செய்யும். காந்தம் ஒட்டினால் சந்தேகப்படுங்கள். ஒட்டாவிட்டால், தரத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் மேலே பேசிப் பயனில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. மூடியின் முன்பக்கம் மட்டும் 304ஆக இருக்கும். உள்ளே நெருப்புப் படும் பெட்டி பெயின்ட் பூசிய சாதாரணத் தகடாக இருக்கும். மூடியைத் திறந்து, கம்பித் தட்டை வெளியே எடுத்து, குனிந்து உள்ளே பாருங்கள்.

பேர்னர்தான் முதலில் போகும்

கேஸ் கிரிலில் முதலில் பழுதாவது பேர்னர் குழாய். மெல்லிய தகட்டைச் சுருட்டிச் செய்த குழாயில் சூடும் உப்பும் கொழுப்பும் சேர்ந்து துளைகளைப் பெரிதாக்கிவிடும். அப்போது ஒரு பக்கம் கோழி கருகும், மறுபக்கம் வேகாது. எனவே, குழாயைக் கையிலெடுத்துக் கனத்தைப் பாருங்கள். ஒட்டு நேர்த்தியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கழற்றி மாற்ற முடியுமா, இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் வெளியே வருமா என்று கேளுங்கள். பெட்டியோடு சேர்த்து ஒட்டிய பேர்னர் என்றால், அது பழுதாகும் நாளில் கிரிலும் முடிந்தது.

பேர்னருக்கு மேலே கூரைபோல மடித்த தகடுகள் இருக்கும். கோழியிலிருந்து வடியும் கொழுப்பு நேரே தீயில் விழாமல் தடுப்பதும், சூட்டைப் பரப்புவதும் இவைதான். இவையும் தேயும் பொருட்களே. ஆகவே, வாங்கும் அன்றே பேர்னர், மடிப்புத் தகடு, ரெகுலேட்டர் குழாய் ஆகிய மூன்றும் இங்கே தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். 2020 முதல் சில வருடங்கள் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்தபோது, சிறிய உதிரிப்பாகத்துக்காகப் பெரிய இயந்திரங்கள் மூலையில் கிடந்ததை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். வியாபாரத்துக்கு வாங்குகிறவர் ஒரு செட் பேர்னரைக் கையோடு வாங்கி வைப்பது நல்லது.

இறைச்சி வைக்கும் கம்பித் தட்டில் இரண்டு வகை பிரதானம். வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும், கோழியின் மேல் அழகான கோடு விழும். ஆனால் ஒவ்வொரு முறையும் எண்ணெய் பூசாவிட்டால் துருப்பிடிக்கும். அதன்மேல் எனாமல் பூச்சு இருந்தால், பூச்சு உடைந்த இடத்தில் துரு தொடங்கும். தடித்த ஸ்டெயின்லெஸ் கம்பி, 8 மில்லிமீற்றர் அளவில், பராமரிக்க இலகுவானது. நமது மசாலாவில் உப்பும் தேசிப்புளியும் தயிரும் தாராளமாக இருப்பதால், வியாபாரத்துக்கு நான் இந்தக் கம்பியையே சிபாரிசு செய்வேன்.

கேஸ் கணக்கு

கிரிலின் சூட்டுத் திறனை பி.டி.யு. என்ற அலகில் எழுதியிருப்பார்கள். எண்ணிக்கை கூடினால் கிரில் சிறந்தது என்பதல்ல, கேஸ் கூடுதலாகச் செலவாகும் என்பதே அதன் பொருள். சமைக்கும் பரப்பின் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் மணிக்கு 80 முதல் 100 பி.டி.யு. வரை இருந்தால் போதும் என்பது பொதுவான அளவுகோல். 24 அங்குல நீளமும் 16 அங்குல அகலமும் கொண்ட தட்டு என்றால் 384 சதுர அங்குலம். அதற்கு 30,000 முதல் 38,000 வரை போதும்.

ஒரு கிலோ சமையல் எரிவாயுவில் ஏறத்தாழ 47,000 பி.டி.யு. சூடு இருக்கிறது. 30,000 பி.டி.யு. கிரில் முழுத் தீயில் மணிக்கு 640 கிராம் அளவில் எரிக்கும். அதன்படி 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முழுத் தீயில் 19 மணித்தியாலங்களுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். வாரம் இரண்டு மாலை, மாலைக்கு மூன்று மணித்தியாலம் என்றால் மூன்று வாரத்துக்கு ஒரு சிலிண்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தீயைக் குறைத்து, மூடியை மூடிச் சுட்டால் இன்னும் நீடிக்கும். மூடியின் பயனை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவின் சிக்காகோவைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்டீபன். கடல் மிதவைகள் செய்யும் உலோகத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவர், 1952இல் மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டி மூடியுள்ள கரி அடுப்பு ஒன்றைச் செய்தார். வெபர் என்ற பிரபல கிரில் அதிலிருந்து பிறந்ததுதான். மூடி பாரமாகவும் இறுக்கமாகவும் பொருந்த வேண்டும். ஆடும் மூடி கேஸை வீணாக்கும்.

சிறிய சிலிண்டரில் பெரிய கிரிலை ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். சிலிண்டருக்குள் எரிவாயு திரவமாக இருக்கிறது. அது வாயுவாக மாறும்போது தன்னைச் சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சுகிறது. 2.3 கிலோ அல்லது 5 கிலோ சிலிண்டரில் நான்கு பேர்னர்களை ஒன்றாக எரித்தால் சிலிண்டர் விரைவில் குளிர்ந்து, வெளியே வியர்த்து, உள்ளே அமுக்கம் குறையும். கேஸ் மீதமிருக்கும், ஆனால் தீ சோர்ந்துவிடும். அப்போது சிலர் சுடுநீர் ஊற்றுகிறார்கள். அது ஆபத்தான பழக்கம். மூன்று பேர்னருக்கு மேற்பட்ட கிரில் என்றால் 12.5 கிலோவுக்குக் குறைந்த சிலிண்டரை நினைக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கிரில் என்றால் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்க கிரிலின் இணைப்பு நமது சிலிண்டர் வாயில் பொருந்தாது. குழாய் வழியாக வரும் இயற்கை வாயுவுக்கென்று செய்த கிரிலில் கேஸ் வரும் துளை பெரிதாக இருக்கும். அதை நமது சிலிண்டரில் பூட்டினால் தீ கட்டுக்கடங்காமல் எழும். துளை மாற்றும் வேலையைத் தெரிந்த தொழில்நுட்பவியலாளரிடம் மட்டும் கொடுங்கள்.

2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் கேஸ் தொடர்பான வெடிப்புச் சம்பவங்கள் பதிவானதை யாரும் மறக்கவில்லை. சமையல் எரிவாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தோடு படிந்து கிடக்கும். எனவே கிரிலைத் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். மழை வந்தாலும் உள்ளறைக்கோ மூடிய கராஜுக்கோ கொண்டுபோகக் கூடாது. சிலிண்டரை நிமிர்த்தி, கிரிலிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சவர்க்கார நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். சில வாரம் பாவிக்காமல் வைத்த கிரிலின் பேர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும். அதைத் துடைக்காமல் மூட்டினால் தீ குழாயின் பின்பக்கமாக வரக்கூடும்.

விலை குறைந்ததா, மலிவானதா?

ஓர் உதாரணம் எடுப்போம். ஒரு கிரிலின் விலை 60,000 ரூபா, அதற்குப் பேர்னர் தனியாகக் கிடைக்காது, இரண்டு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மற்றது 150,000 ரூபா, எட்டு வருடம் உழைக்கும், இடையில் பேர்னர் மாற்ற 20,000 ரூபா செலவு. முதலாவதன் பெறுமானத் தேய்வு வருடத்துக்கு 30,000 ரூபா. இரண்டாவதற்கு 21,250 ரூபா. வருடத்தில் 100 நாள் வியாபாரம் என்றால் முதலாவதற்கு நாளொன்றுக்கு 300 ரூபா, இரண்டாவதற்கு 212 ரூபா 50 சதம். கணக்கில் வராத இன்னொரு நட்டம் இருக்கிறது. பெருநாளுக்கு முதல் நாள் 40 கோழிக்கு ஓர்டர் எடுத்து, மசாலா பூசி வைத்த பிறகு பேர்னர் ஓட்டையானால், இழப்பது கோழியை மட்டுமல்ல, அந்த 40 வாடிக்கையாளரையும்தான்.

அதற்காக, தொடங்கும்போதே கையிலிருக்கும் சேமிப்பு முழுவதையும் விலை கூடிய கிரிலில் போடச் சொல்லவில்லை. வியாபாரம் ஓடுமா என்று தெரியாத முதல் மூன்று மாதத்துக்குப் பாதி பெரலில் செய்த கரி அடுப்பே போதும். ஓர்டர் நிலையாக வரத் தொடங்கிய பிறகு கேஸ் கிரிலுக்குப் போகலாம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனை ஆகியவற்றையும் அந்த நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல்கள் கழித்து விற்கும் பழைய கிரில்களும் சந்தைக்கு வருகின்றன. உலோகம் கனமாக இருக்கும், விலையும் நியாயமாக இருக்கும். ஆனால் அதில் முன்பு என்ன இறைச்சி சுடப்பட்டது என்பதை விசாரிக்க வேண்டும். நமது வாடிக்கையாளர்கள் கட்டாயம் கேட்பார்கள், அதற்கு நேர்மையான பதில் நம்மிடம் இருக்க வேண்டும்.

கழுவும் விடயத்திலும் பலர் உருக்கைத் தாமே கெடுக்கிறார்கள். குளோரின் கலந்த வெண்மையாக்கியை ஸ்டெயின்லெஸ் தகட்டில் ஊற்றக் கூடாது. இரும்புத் தும்பினால் உரசினால் அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு துரு பிடிக்கும். சுட்டு முடிந்ததும் இளஞ்சூட்டில் துடைத்து, ஆறிய பின் சவர்க்கார நீரில் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, உலர்த்தி மூடி வையுங்கள். தேய்ந்த கம்பிப் பிரஷைப் பாவிக்க வேண்டாம். கழன்ற கம்பி கோழியில் ஒட்டி வாடிக்கையாளரின் தொண்டைக்குள் போகும்.

இறுதியாக, வெல்டிங் கடையில் செய்வித்தால் என்ன என்ற கேள்வி. நல்ல ஒட்டு வேலை தெரிந்தவர் கிடைத்தால் நான் அதற்கு எதிரில்லை. பழுதானால் திருத்த ஆள் பக்கத்திலேயே இருப்பார். 304 தகடு 1.2 மில்லிமீற்றர் தடிப்பில், கொழுப்பு வடியும் தட்டு இழுத்தெடுக்கும்படியாக, பேர்னர் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கேஸ் பக்கத்தை மட்டும் அவரிடம் விடாதீர்கள். பேர்னர், ரெகுலேட்டர், குழாய் மூன்றையும் கடையில் வாங்கி, பற்றுச்சீட்டோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.