ஒரு நாள் நிற்கும் படம்

குடும்பங்களுக்கு ஒரு பாடம்



மகளுக்குப் பிறந்த நாள், மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு, புது வீட்டில் பால் காய்ச்சுதல் ஆகிய இவற்றையெல்லாம் அரை நிமிஷம் கைபேசியில் படம் பிடித்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிற வழக்கம் நம் வீடுகளில் பரவியிருக்கிறது. இதைத் தவறென்று சொல்ல இப்பாடம் எழுதப்படவில்லை. துபாயில் உழைக்கும் மகன், ஊரில் தாய் முற்றத்தில் நடப்பதைக் கண்டு மனம் தேறுகிறான். இது நன்மையே. எனினும், ஒரு கருவியைக் கையாளுகிறவர் அதன் தன்மையை அறிந்திருப்பது அவசியம். ஆதலால் மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

முதலாவது: அது என்ன?

2009-ல் வாட்ஸ்அப் தொடங்கியபோது ஸ்டேட்டஸ் என்பது வெறும் ஒரு வரி எழுத்து. "வேலையாயிருக்கிறேன்" என்று எழுதி வைக்கலாம், அவ்வளவுதான். 2017 பிப்ரவரியில் அதை மாற்றி, படமும் சிறு வீடியோவும் போடலாம், 24 மணி நேரம் கழிந்ததும் அது தானே மறைந்துபோகும் என்று ஏற்பாடு செய்தார்கள். 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின்போது, இந்தியாவில் 30 வினாடி அளவைச் சிறிது காலம் 15 வினாடியாகக் குறைத்தார்கள். வீட்டில் அடைபட்ட ஜனங்கள் ஓயாமல் வீடியோ அனுப்பியதால் உண்டான பாரத்தைத் தணிக்கவே அப்படிச் செய்தார்கள். இப்பழக்கம் எவ்வளவு வேகமாய் வேரூன்றிற்று என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டாவது: யார் பார்க்கிறார்கள்?

"சொந்தக்காரர்கள்தான்" என்று விடை சொல்லுவோம். அது பாதி விடை. நாம் அமைப்பை மாற்றாதவரையில், நம் கைபேசியில் எண் பதிந்திருக்கிறவர்களும், தங்கள் கைபேசியில் நம் எண்ணைப் பதிந்திருக்கிறவர்களுமான அனைவரும் பார்க்கலாம். இரு பக்கமும் பதிந்திருந்தால் போதும். உங்கள் கைபேசியைத் திறந்து, பெயர்களை வரிசையாய் வாசித்துப் பாருங்கள். அண்ணன், அத்தை, சித்தப்பா ஆகியோருக்கு நடுவில் ஆட்டோக்காரர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், நிலத் தரகர், மின்விசிறி பழுதுபார்க்க ஒரே முறை வந்தவர் எல்லாரும் இருப்பார்கள். இவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. ஆனால் இவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "நாங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லை, வீடு பூட்டிக் கிடக்கிறது" என்று சொல்லுவோமா? ரயில் பெட்டியில் எடுத்த வீடியோ அதைத்தான் சொல்லுகிறது. பிள்ளையின் சீருடையோ அவள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் கைபேசியிலேயே உண்டு. ஸ்டேட்டஸ் அமைப்பில் மூன்று வழிகள் இருக்கின்றன: எல்லாருக்கும் காட்டுவது, சிலரை விலக்கிக் காட்டுவது, குறித்த சிலருக்கு மாத்திரம் காட்டுவது. மூன்றாவதைத் தெரிந்துகொண்டு, வீட்டாரின் பெயர்களை ஒரு முறை குறித்துவிட்டால் போதும்.

மூன்றாவது: அது மெய்யாகவே மறைகிறதா?

நம் கண்ணுக்கு மறைகிறது. ஆனால் பார்த்தவர் தம் கைபேசித் திரையைப் பதிவு செய்துகொண்டாலும், வேறொரு கைபேசியால் அதைப் படம் பிடித்தாலும், நமக்கு யாதொரு அறிவிப்பும் வராது. அப்படி எடுத்த பிரதிக்கு 24 மணி நேரக் கணக்கு இல்லை.

இனிச் சில வினா விடைகள்.

வினா: என் கைபேசியில் நான் எடுத்த படத்தை வெளியிட யாரிடம் கேட்க வேண்டும்?

விடை: படத்தில் இருக்கிறவரிடம். கைபேசி நம்முடையது, முகம் அவருடையது.

வினா: அவர் கேட்டால் பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்தால்?

விடை: அப்போதுதான் நம் கடமை பெரிதாகிறது. முதியவர் ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, மேல்சட்டை இல்லாமல், பாதி நினைவோடு படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் அதைப் படம் பிடித்து, "அப்பாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதிப் போடுகிறார். மகனின் மனம் நல்ல மனம்தான். ஆனால் அந்தப் பெரியவரோ, வெளுத்த வேட்டி சட்டை இல்லாமல் நாற்பது வருஷமாய் வாசற்படி தாண்டாதவர். அவருக்கு வாய் திறக்க முடிந்தால், "முதலில் என்னைப் போர்த்து" என்றல்லவா சொல்லுவார்! அவரால் சொல்ல முடியாததை அவருக்காக மகன் சொல்ல வேண்டும். வேண்டுதல் கேட்க ஒரு வரி எழுத்து போதும். நெருங்கியவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னால் இன்னும் நல்லது.

வினா: சிறு குழந்தைக்கு மானம் அவமானம் தெரியுமா?

விடை: இன்று தெரியாது; நாளை தெரியும். அது குளிப்பதையும், அடிக்குப் பயந்து கெஞ்சுவதையும், எழுத்துத் தெரியாமல் விழிப்பதையும் நாம் வேடிக்கையாய்ப் பரப்புகிறோம். பதினைந்து வயதில், உடன் படிக்கிறவர்கள் நடுவில், அந்தப் பிள்ளையல்லவா அதைச் சுமக்க வேண்டும்?

வினா: இதில் சட்டம் தலையிடுகிறதா?

விடை: ஆம். ஒருவருடைய அந்தரங்க அவயவங்களை அவர் சம்மதமில்லாமல் படமெடுத்தாலும், அனுப்பினாலும், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி 3 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். "விளையாட்டுக்கு அனுப்பினேன்" என்று சொல்லித் தப்பலாமென வாலிபர்கள் நம்பியிருக்க வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

ஒன்று: இன்றிரவே, பார்க்கத் தகுந்தவர்களின் பெயர்களைக் குறித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு அது தெரியாவிட்டால், பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாய்க் கற்றுக்கொடுக்கட்டும்.

இரண்டு: பயணப் படங்களை வீடு திரும்பியபின் போடுங்கள். சந்தோஷம் ஒரு வாரத்தில் கெட்டுப்போகிற பண்டமல்ல.

மூன்று: போடுவதற்கு முன், "இதைப் போடலாமா?" என்று படத்தில் இருப்பவரைக் கேளுங்கள். ஆறு வயதுப் பிள்ளையையும் கேளுங்கள். "வேண்டாம்" என்று அது சொன்னால், விட்டுவிடுங்கள். தன் வார்த்தைக்கு வீட்டில் மதிப்புண்டு என்று கண்ட பிள்ளை, நாளை தன் கையில் கைபேசி வரும்போது, பிறர் வார்த்தைக்கும் மதிப்புக் கொடுக்கும்.