கார்த்திகை நடவு: நூல்கோலா, முட்டைக்கோஸா, காலிஃப்ளவரா?

தீபாவளி முடிந்த கையோடு நாற்றுப் பண்ணைகளில் கோஸ் வகை நாற்றுகள் வந்து இறங்கிவிடும். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல், ப்ரோக்கோலி என்று குழித்தட்டுகளில் வரிசையாக வைத்திருப்பார்கள். நான்கும் பிராசிகா ஒலரேசியா என்ற ஒரே இனத்துப் பயிர்கள். அதனால் நான்கு இலைப் பருவத்தில் எது எதுவென்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் கை நீட்டுவது காலிஃப்ளவரை நோக்கித்தான். தை மாதம் அவர்களில் பலருக்குக் கிடைப்பதோ முழ உயரத்துக்கு இலையும், நடுவில் எலுமிச்சை அளவுக்கு ஒரு பூவும். உரம் போதவில்லை, தங்களுக்குக் கைராசி இல்லை என்று நினைத்து அடுத்த வருடம் கோஸ் பக்கமே போகமாட்டார்கள்.

இப்படிப் பாதியில் விட்டுவிட வேண்டியதே இல்லை. இந்தக் காய்கள் ஊட்டியில் மட்டும்தான் வரும் என்பதும் பழைய நினைப்பு. ஓசூரிலும் தாளவாடியிலும் முட்டைக்கோஸ் வயல் வயலாக விளைகிறது. சமவெளி வீடுகளிலும் விளையும். ஊரின் குளிருக்கு ஏற்ற பயிரையும், பயிருக்கு ஏற்ற நாளையும் தேர்ந்தெடுத்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

உங்கள் ஊர்க் குளிர் எவ்வளவு?

முட்டைக்கோஸ் தலை கட்டுவதும், காலிஃப்ளவர் பூ வைப்பதும் வெப்பநிலையைப் பொறுத்தது. மார்கழி, தை மாதங்களில் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இரவு வெப்பநிலை 20, 21 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். கோவை, சேலம் பக்கம் 18, 19 வரை இறங்கும். ஓசூர் மேட்டுநிலத்தில் 15ஐ ஒட்டி வரும்.

காலிஃப்ளவரில் முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரி வரையிலும் பூ வைக்கும். இடைப்பருவ ரகங்களுக்கு 16 முதல் 20 வேண்டும். ஸ்னோபால் வகைகளுக்கு 10 முதல் 16 டிகிரி தேவை. கடலோர ஊரில் ஸ்னோபால் நாற்றை வாங்கி வைத்து என்ன உரம் போட்டாலும் அது இலையாகத்தான் வளரும். நாற்று வாங்கும்போது ‘என்ன ரகம்?’ என்று கேளுங்கள். ‘காலிஃப்ளவர்’ என்பதற்கு மேல் பதில் வராவிட்டால் அந்தத் தட்டை விட்டுவிடுங்கள்.

நான்கையும் ஒப்பிட்டால்

நூல்கோல்: நட்ட 45 முதல் 55 நாளில் அறுவடை. வெப்பத்தை ஓரளவு தாங்கும். 9 அங்குலப் பையில் ஒரு செடி தாராளமாக நிற்கும். தரையில் ஒன்றுக்கொன்று 20 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளி போதும். திரள்வது தண்டு என்பதால், பூ வருமா, தலை கட்டுமா என்று காத்திருக்கும் கவலை இல்லை. இளம் இலையையும் பொரியல் செய்யலாம். குழம்புக்கும் சாம்பாருக்கும் வீட்டில் எப்போதும் தேவைப்படும் காய். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: காய் 5 முதல் 7 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வந்ததும் வெட்டிவிட வேண்டும். இன்னும் பெருக்கட்டும் என்று விட்டால் உள்ளே நார் ஓடிவிடும். வைட் வியன்னா என்ற பச்சை ரகமும், பர்ப்பிள் வியன்னா என்ற ஊதா ரகமும் கிடைக்கின்றன.

முட்டைக்கோஸ்: கோல்டன் ஏக்கர் போன்ற சிறிய தலை ரகங்கள் நட்ட 60, 65 நாளில் ஒரு கிலோவை ஒட்டிய தலை தரும். கடலோர ஊர்க்காரர்கள் வெப்பம் தாங்கும் கலப்பின ரகம் என்று கேட்டு வாங்குவது நல்லது. 12 அங்குலப் பைக்கு ஒரு செடி. தரையில் 45 சென்டிமீட்டர் இடைவெளி. தலை இறுகியதா என்று கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் போல இருந்தால் அன்றே அறுத்துவிடுங்கள். இறுகிய தலைக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் கிடைத்தால் அது வெடித்துவிடும்.

காலிஃப்ளவர்: நால்வரில் அதிகம் கேட்கும் பயிர். குறைந்தது 15 அங்குலப் பை, நல்ல ஊட்டம், தடையில்லாத வளர்ச்சி மூன்றும் வேண்டும். இடையில் ஒரு வாரம் வாடினாலும், பைக்குள் வேர் நெருக்குண்டாலும் பொத்தான் அளவில் பூ வைத்து நின்றுவிடும். போரான் சத்து குறைந்தால் பூ பழுப்படிக்கும், தண்டின் உட்புறம் கூடு விழும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் போராக்ஸ் கலந்து வளரும் பருவத்தில் ஒரு முறை இலையில் தெளிப்பது இதைத் தடுக்கும். பூ எலுமிச்சை அளவு வந்ததும் வெளி இலைகளைச் சேர்த்து மேலே வாழைநாரால் கட்டிவிட்டால் வெயில் படாமல் வெள்ளையாக இருக்கும்.

ப்ரோக்கோலி: பூ திரளும் நேரத்தில் குளிர் வேண்டும். வெப்பம் ஏறினால் மொட்டுகள் நெகிழ்ந்து இரண்டே நாளில் மஞ்சள் பூவாக மலர்ந்துவிடும். ஓசூரிலும் அதைப் போன்ற மேட்டுநில ஊர்களிலும் தாராளமாக வைக்கலாம். அங்கே நடுப்பூவை வெட்டிய பிறகும் பக்கக் கிளைகளில் சிறு பூக்கள் தொடர்ந்து கிடைக்கும். கடலோரத்தில் முதல் முயற்சியாக இதை வைக்க வேண்டாம்.

கார்த்திகையிலா, மார்கழியிலா?

பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குளிர் நன்றாக இருக்கும் நாட்களில் தலையும் பூவும் திரள வேண்டும். முன்பருவக் காலிஃப்ளவரும் முட்டைக்கோஸும் நட்டு ஏறக்குறைய 60 நாளில் திரளும் என்றால், தை முதல் வாரத்துக்கு கார்த்திகை பிறப்பில் நட வேண்டும். நாற்றுக்கு 25 முதல் 28 நாள். ஆக, ஐப்பசி முதல் வாரத்தில் விதை. ஐப்பசியில் விதைப்பு, கார்த்திகையில் நடவு, தையில் அறுவடை: இந்த மூன்றும் பொருந்திவிட்டால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

இதில் வரும் இடைஞ்சல் வடகிழக்குப் பருவமழை. கார்த்திகை அடைமழையில் இளநாற்று அழுகும், மழைத்துளி தெறித்து இலையில் கருமை அழுகல் நோய் பரவும். இதற்குப் பயந்து மழை ஓய்ந்தபின் மார்கழியில் நடுபவர்களும் உண்டு. நூல்கோலுக்கு அது சரி. மார்கழி பிறப்பில் நட்டால் மாசி பிறக்கும் முன் வெட்டிவிடலாம். காலிஃப்ளவருக்குச் சரியாக வராது. பூ வைக்கும் நேரத்தில் மாசி வெயில் வந்து நிற்கும். கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள் நடவைத் தள்ளிப்போடுவதைவிட, மழைக்கு ஒரு தற்காலிகக் கூரை போட்டு, பையின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டு, கார்த்திகையிலேயே நட்டுவிடுவதுதான் நல்லது.

நாற்று வாங்குவதா, விதைப்பதா?

ஐந்தாறு செடி போதும் என்பவர்கள் நாற்றே வாங்கலாம். விதை பாக்கெட்டில் வாங்கினால் பாதிக்கு மேல் மிஞ்சும். அடுத்த வருடம் முளைப்பும் குறையும். ஆனால் வாங்கும் நாற்றில் ரகமும் வயதும் விற்பவர் சொல்வதுதான். இருபது செடிக்கு மேல் வைப்பவர்களும், குறிப்பிட்ட ரகம்தான் வேண்டும் என்பவர்களும் குழித்தட்டில் தாங்களே விதைப்பது நல்லது. தேங்காய்நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். மழைநாளில் நாற்றழுகல் வராமல் இருக்க ட்ரைக்கோடெர்மா விரிடியை அந்தக் கலவையிலேயே சேர்த்துவிடுங்கள். முளைத்த அன்றே தட்டை வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். நிழலில் இரண்டு நாள் கிடந்தாலே தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.

நாற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்

வாங்குவதற்கு முன் தட்டிலிருந்து ஒரு நாற்றை அடியிலிருந்து மெல்லத் தள்ளி எடுங்கள். வேர் வெள்ளையாக, குழியின் வடிவத்திலேயே மண்ணைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பழுப்பு நிறத்தில் பந்தாகச் சுருண்டிருந்தால் அது வயது கடந்த நாற்று. முட்டைக்கோஸ் அதிலிருந்து மீண்டுவிடும். காலிஃப்ளவர் மீளாது; பொத்தான் பூ வைக்கும் செடிகளில் பல இப்படி முற்றிய நாற்றிலிருந்து வந்தவைதான்.

அடுத்து நடுக்குருத்தைப் பாருங்கள். சில நாற்றுகளில் நான்கைந்து இலைகள் தழைத்திருக்கும், நடுவில் குருத்து மட்டும் இருக்காது. இந்தக் குருட்டு நாற்று எத்தனை நாள் வளர்ந்தாலும் தலையோ பூவோ தராது. பிறகு இலையைத் திருப்புங்கள். அடிப்பக்கம் சுரண்டப்பட்டு, மேல்தோல் மட்டும் கண்ணாடிச் சன்னல் மாதிரி தெரிந்தால் அங்கே வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு இருக்கிறது. ஊசி போன்ற அந்தப் பச்சைப் புழுவைத் தொட்டால் துள்ளி, நூலில் தொங்கி இறங்கும். இலை ஓரத்திலிருந்து நடுநரம்பை நோக்கி முக்கோணமாக மஞ்சள் படர்ந்திருந்தால் அது கருமை அழுகல். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் அந்தத் தட்டிலிருந்து ஒரு நாற்றுகூட வாங்காதீர்கள்.

நடவும் பின் கவனிப்பும்

செம்மண், மக்கிய தொழுவுரம், தேங்காய்நார்க் கழிவு மூன்றும் கலந்த மண் போதும். போன வருடம் முள்ளங்கியோ, கடுகோ, கோஸோ வைத்த பையில் இந்த வருடம் இவற்றை வைக்காதீர்கள். இவை எல்லாம் ஒரே குடும்பம், நோயும் பூச்சியும் பொது. மாலையில் நடுங்கள். வித்திலை மண்ணை ஒட்டும் ஆழம் வரை இறக்கி, தண்டைச் சுற்றி விரலால் அழுத்தி, உடனே தண்ணீர் விடுங்கள். குருத்துக்குள் மண் விழக்கூடாது.

இவை தழைச்சத்து நிறைய எடுக்கும் பயிர்கள். நட்ட 15ஆம் நாளில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, தண்ணீர் சேர்த்து நீர்க்கக் கரைத்து ஊற்றலாம். மாதம் இரண்டு முறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம்.

புழுவுக்கு வீட்டுத் தோட்டத்தில் முதல் மருந்து வலைதான். நட்ட அன்றே பூச்சி வலையால் மூடிவிட்டால் அந்துப்பூச்சி முட்டை வைக்க வழியில்லை. வலை இல்லாதவர்கள் கடுகை நம்பலாம். கோஸ் வயல்களில் 25 வரிசைக்கு 2 வரிசை கடுகு விதைப்பதுண்டு. அந்துப்பூச்சி முதலில் கடுகைத் தேடிப் போகும். மாடியில் ஓரமாக இரண்டு பைகளில், நடவுக்கு 15 நாள் முன்பாக அஞ்சறைப் பெட்டிக் கடுகைத் தூவினால் அதே வேலை நடக்கும். அந்தக் கடுகில் வரும் புழுக்களை அங்கேயே அழித்துவிட வேண்டும். மீறி வந்தால் லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். கோஸ் இலையில் மெழுகு பூசியது போல ஒரு படலம் உண்டு. சோப்பு சேர்க்காவிட்டால் மருந்து ஒட்டாமல் வழிந்துவிடும்.

எதை வைக்கலாம்?

முதல் முறை வைப்பவர்கள், எந்த ஊராக இருந்தாலும், நூல்கோலில் தொடங்குங்கள். விரைவில் வரும், சின்னப் பையில் வரும், கைவிடாது. கோவை, சேலம் போன்ற உள்மாவட்டத்துக்காரர்கள் அதோடு முட்டைக்கோஸும் வைக்கலாம். கடலோரத்தில் வெப்பம் தாங்கும் ரகம் கிடைத்தால் மட்டும் வைக்கலாம். காலிஃப்ளவரை இரண்டாம் வருடத்துக்கு ஒதுக்குங்கள். முன்பருவ ரகம், 25 நாள் நாற்று, கார்த்திகை பிறப்பில் நடவு என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த வருடம் வேண்டாம். ப்ரோக்கோலி மேட்டுநிலத்துக்காரர்களுக்கு.

கடையில் வாங்கும் கோஸிலும் காலிஃப்ளவரிலும் எத்தனை முறை மருந்து தெளித்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஒரே ஒரு பருவம், பத்தே பத்து நூல்கோல் செடியாவது வீட்டில் வைத்துப் பாருங்கள். இந்த ஐப்பசியில் விதை வாங்கிவிடுங்கள்.