வாலிபத் துணிவும் கல்லாப் பெட்டியும்

ஈப்போக் கடையில் பணிவாக நிற்கும் பையன், தோழர்களைக் கண்டதும் தோட்டப்புறச் சாலையில் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து செல்வது ஏன்?

லாபத்தையும் இன்பத்தையும் நாடும் மூளைப் பகுதி பருவ வயதிலேயே விழித்துக் கொள்கிறது. டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்புநீர் அதை மேலும் தூண்டுகிறது. விளைவை எண்ணித் தடுக்கும் மூளையின் முன்பகுதியோ ஏறத்தாழ 25 வயதில்தான் முதிர்கிறது.

2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர்கள் காரோட்டும் விளையாட்டொன்றை வைத்துச் சோதித்தனர். நண்பர்கள் உடனிருந்தபோது இளையோர் அதிக ஆபத்தை மேற்கொண்டனர். 24 வயது கடந்தோரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை.

ஆகவே, மகனிடம் கல்லாவை ஒரேயடியாக ஒப்படைக்க வேண்டாம். "விவரமில்லாதவன்" என்று ஒதுக்கவும் வேண்டாம். முதலில் சிறு கொள்முதலை விடுங்கள். பெரிய கடன் பேச்சைத் தோழர்கள் இல்லாத வேளையில், ஓர் இரவு பொறுத்து முடிவு செய்யப் பழக்குங்கள். வாலிபனின் துணிவு வியாபாரத்துக்கு முதல்தான். அதைப் படிப்படியாக இறக்குவதே நம் கடமை.