கொய்யாவில் மாவுப்பூச்சியா? முதலில் எறும்பைத் தடுங்கள்

கொல்லைக் கொய்யாவின் இலையடியில் வெள்ளையாகப் பஞ்சு போல அப்பியிருந்தால் அது மாவுப்பூச்சி. மருந்து வாங்க ஓடுமுன் அடிமரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் எறும்புச் சாரை ஏறிக்கொண்டிருக்கும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக, அந்தப் பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுகளை எறும்புகள் விரட்டிவிடும். தண்டைச் சுற்றி அகலமான பிளாஸ்டிக் தாளை இறுகக் கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். சுவரையோ தரையையோ தொடும் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும், இல்லையேல் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்புறம் நன்றாக நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை தெளித்தால் போதும்.

பழத்துக்குள் புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. அதற்குத் தெளிப்பு உதவாது, உள்ளே எட்டாதே! காய் எலுமிச்சை அளவு வந்ததும் காகித உறையோ மெல்லிய துணிப்பையோ போட்டுக் கட்டுங்கள். உதிர்ந்த பழங்களை மரத்தடியில் விட்டுவைக்கவே கூடாது. புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகக் கிளம்பும். அந்தப் பழங்களைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரம் நல்ல வெயிலில் போட்டுவிடுங்கள்.