பருத்தித்துறை ரோட்டில் பஸ் ஓடியவர் லண்டனில் ஓடலாமா?

கேள்வி: யாழ்ப்பாணம் – பருத்தித்துறை ரோட்டில் 15 வருடம் தனியார் மினிபஸ் ஓடினேன். இப்போது லண்டனில் அகதி அந்தஸ்து கிடைத்து, வேலை செய்யும் உரிமையோடு இருக்கிறேன். வயது 43. களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை. சென்ற வருடம் இங்கத்தைய கார் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். ஆனால் தியரி டெஸ்டில் இரண்டு தரம் கோட்டைவிட்டு, மூன்றாம் தரம்தான் தேறினேன். எனக்குத் தெரிந்த தொழில் பஸ் ஓடுவது ஒன்றுதான். இங்கிலீஷ் மட்டமட்டு. சீனி வருத்தம் இருக்கிறது, குளிசை எடுக்கிறேன். ஒருவர் காசு தந்தால் பஸ் லைசென்ஸ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். சொந்தக்காரரோ, "இஞ்ச வந்தும் பஸ்தான் ஓடப்போறியோ, ஒரு கடையைப் போடன்" என்கிறார்கள். என்னை எடுப்பார்களா? எங்கே தொடங்குவது?
– ஹரோ வாசகர் ஒருவர்

பதில்: தம்பி, உங்களை எடுப்பார்கள். நீங்கள் முயன்றே ஆக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் உங்கள் 15 வருட அனுபவத்தில் எது இங்கே செல்லும், எதை விட்டுவிட வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தொழிலுக்கு வரும் நம்மவர்கள் பலர் இடறுவது அந்த இடத்தில்தான்.

முதலில் அந்தக் காசு கேட்கும் ஆளை விட்டு விலகுங்கள். லைசென்ஸைக் காசுக்கு எடுத்துத் தர இந்த நாட்டில் ஒருவராலும் முடியாது. உங்கள் பெயரில் இன்னொருவர் போய்ப் பரீட்சை எழுதினால் அது மோசடிக் குற்றம். எழுதியவரோடு நீங்களும் நீதிமன்றம் ஏற வேண்டிவரும். கைக்காசு போட்டுப் படிக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. லண்டனின் சிவப்பு பஸ்களை ஓட்டுவது ட்ரான்ஸ்போர்ட் ஃபோர் லண்டன் அல்ல. அது பாதைகளைக் கேள்விப்பத்திரத்துக்கு விட, மெட்ரோலைன், அரைவா, கோ-அஹெட், ஸ்டேஜ்கோச் போன்ற கம்பனிகள் ஒப்பந்தம் எடுத்து ஓட்டுகின்றன. வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டியது அந்தக் கம்பனிகளிடம். கார் லைசென்ஸ் மட்டும் உள்ளவரையும் பயிலுநராக எடுத்து, சம்பளமும் கொடுத்து, பஸ் லைசென்ஸ் வரை கொண்டுபோவது அங்கே வழக்கம். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கலாம். கையெழுத்து வைக்க முன் அந்தப் பகுதியை நின்று நிதானமாக வாசியுங்கள்.

அடுத்தது சீனி வருத்தம். பஸ்ஸுக்கான தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது டி4 என்ற படிவத்தை ஒரு மருத்துவர் உங்களைச் சோதித்து நிரப்ப வேண்டும். குளிசை எடுக்கும் விஷயத்தை, லைசென்ஸ் வழங்கும் டி.வி.எல்.ஏ.க்குக் கட்டாயம் அறிவியுங்கள். கட்டுப்பாட்டில் உள்ள சீனி வருத்தம் இந்தத் தொழிலுக்குத் தடை இல்லை. இன்சுலின் போடுபவர்களுக்குக்கூட 2011 முதல் கடும் நிபந்தனைகளோடு கதவு திறந்திருக்கிறது. ஓடத் தொடங்க முன்னும், ஓடும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் அவர்கள் இரத்தச் சீனியைப் பார்க்க வேண்டும். மறைத்தவர்தான் மாட்டுவார். மறைத்த பிறகு ஒரு விபத்து நடந்தால் லைசென்ஸோடு போகாது, காப்புறுதியும் வழக்கும் கழுத்துக்கு வரும். 45 வயதிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் மருத்துவச் சோதனை உண்டு. ஆகவே சாப்பாட்டையும் நித்திரையையும் இப்போதே ஒழுங்குக்குக் கொண்டுவாருங்கள்.

இனி உங்கள் உண்மையான பயம், பரீட்சை. ஒருகாலத்தில் இந்த நாட்டின் தியரி டெஸ்டைத் தமிழில் காதால் கேட்டு எழுத முடிந்தது. 19 வேற்றுமொழிகளில் தமிழும் ஒன்றாக இருந்தது. 2014 ஏப்ரலில் அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரை அழைத்துப்போகும் வழியும் அதோடு மூடியது. எனவே இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். பஸ் சாரதிக்கான தியரியில் 100 கேள்விகள், 85 சரியாக வேண்டும். ஆபத்தை உணரும் வீடியோப் பகுதியில் 100க்கு 67 வேண்டும். சாரதித் தகைமைக்காக, சி.பி.சி. எனப்படும் சான்றின் கீழ், சம்பவங்களைச் சொல்லிக் கேட்கும் இன்னொரு தாளும் உண்டு. அதில் 50 கேள்விகளில் 40 சரியாக வேண்டும்.

எண்களைப் பார்த்து மலைக்காதீர்கள். இதற்குத் தேவையான இங்கிலீஷ் எல்லையுள்ளது. திரும்பத் திரும்ப வருவது பிரேக், டயர், சாய்வுப் பலகை, ஓய்வு நேரம், உயரம், நிறை பற்றிய சில நூறு சொற்கள்தான். அவற்றை ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதிப் படியுங்கள். கேள்வியைத் தமிழில் விளங்கிக்கொண்டு, பதிலை இங்கிலீஷில் அடையாளம் காணப் பழகுங்கள். வீடியோப் பகுதியில் அனுபவசாலிகள் தோற்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தெருவோரத்தில் பந்து உருளும் முன்பே உங்கள் கண் பிள்ளையைத் தேடும், உடனே அழுத்திவிடுவீர்கள். கணினி எண்ணும் நேரம் அப்போது தொடங்கியிராது. ஆபத்து உருவாகத் தொடங்கும்போது இன்னொரு தரம் அழுத்துங்கள். ஆனால் தாளம்போல் தட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் காட்சிக்குச் சுழியம்தான்.

செய்முறைப் பகுதி உங்களுக்குக் கைவந்தது. நாம் ஓடியதும் இடப்பக்கம், இங்கேயும் இடப்பக்கம். கிளச் மிதிக்கும் வேலை இல்லை, லண்டன் பஸ்களில் கியர் தானாகவே மாறும். மினிபஸ்ஸுக்கும் இரட்டைத்தட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் உடம்பு பழக வேண்டும். நீளம் ஏறக்குறைய 11 மீற்றர், உயரம் 4.4 மீற்றர். திருப்பும்போது வாகனத்தின் பின்புறம் எதிர்ப்பக்கம் வீசும். பாதை மாற்றிவிடும் நாட்களில், தாழ்ந்த பாலம் ஒன்றும் வழியில் இல்லை என்பது நிச்சயமாகாமல் உள்ளே போகக் கூடாது. ரோட்டுப் பரீட்சையில் சிறு தவறுகள் 15 வரை பொறுப்பார்கள். பாரிய தவறு ஒன்றே ஒன்று வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இப்போது விட்டுவிட வேண்டியதற்கு வருகிறேன். ஊரில் தனியார் பஸ்ஸின் வருமானம் அன்றன்று ஏறும் சனத்தில் இருந்தது. முன்னால் போகும் பஸ் ஆட்களை அள்ளிக்கொண்டு போனால் உங்கள் நடத்துநரின் பை காலியாக இருக்கும். ஆகவே முந்தினீர்கள், ஹோர்ன் அடித்தீர்கள், ஒரு காலை ஏற்றியவுடன் எடுத்தீர்கள். நீங்கள் முரடர் என்பதால் அப்படி ஓடவில்லை, அந்தத் தொழிலின் கணக்கு உங்களை அப்படி ஓட வைத்தது.

லண்டனில் கணக்கே வேறு. கட்டணம் கம்பனிக்குப் போவதில்லை, உங்கள் சம்பளமும் ஏறும் ஆட்களைப் பொறுத்ததல்ல. பஸ்கள் சீரான இடைவெளியில் வருகின்றனவா, பயணி எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடுதலாகக் காத்திருந்தார் என்பதை அளந்துதான் கம்பனிக்கு ஊக்கத்தொகையும் வெட்டும். ஆகவே முன்னால் போகும் பஸ்ஸை நெருங்கிவிட்டால் அது கெட்டித்தனம் ஆகாது, குறையாகும். உங்களுக்கு முன்னால் உள்ள ஐபஸ் திரை நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டிக்கொண்டிருக்கும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து, "அடுத்த தரிப்பில் இரண்டு நிமிடம் நில்" என்று சொல்வார்கள். பின்னால் பயணிகள் முணுமுணுப்பார்கள். கால் துடிக்கும். நிற்க வேண்டும். ஹோர்னையும் மறந்துவிடுங்கள். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 வரை அதை அடிப்பது சட்டப்படி குற்றம். வேகமாக ஓடத் தெரிந்த கைக்கு நிதானத்தைப் பழக்குவதுதான் உங்களுக்கு இந்தப் பயிற்சியின் பெரும்பகுதி. அதைப் பழகிவிட்டால் உங்கள் அனுபவம் முழுவதும் உங்கள் பக்கம் நிற்கும்.

இன்னொரு மாற்றம், நடத்துநர் இல்லை. 2014 ஜூலை முதல் லண்டன் பஸ்களில் காசும் வாங்குவதில்லை. ஆனால் நடத்துநர் வாயால் செய்த மற்றெல்லாம் உங்கள் தலையில் விழும். சக்கரநாற்காலியில் ஒருவர் ஏற வருகிறார், அந்த இடத்தில் குழந்தை வண்டியோடு ஒரு தாய் நிற்கிறார் என்று வையுங்கள். இடம் சக்கரநாற்காலிக்கு உரியது. 2012இல் டக் போலி என்பவருக்கு ஒரு பஸ்ஸில் அந்த இடம் கிடைக்காமல் போன வழக்கில், 2017 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாரதி ஒரு தரம் கேட்டுவிட்டு விட்டுவிடுவது போதாது, மறுப்பு நியாயமற்றது என்றால் மேலும் வற்புறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நிமிடத்தில் உங்களுக்கு வேண்டியது இலக்கண இங்கிலீஷ் அல்ல. வண்டியை மடிக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்க ஒரு வசனம், ஏன் என்று சொல்ல ஒரு வசனம், மற்றவர்களிடம் சற்றுப் பொறுக்கச் சொல்ல ஒரு வசனம். விபத்து நடந்தால் கட்டுப்பாட்டு அறைக்கு இடத்தையும் நடந்ததையும் சொல்லத் தெரிய வேண்டும். இப்படியான இருபது முப்பது வசனங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் பிரதேசக் கல்லூரியில் இங்கிலீஷ் வகுப்பு இருந்தால் சேருங்கள்.

வேலையின் கடினத்தையும் மறைக்க மாட்டேன். அதிகாலை ஒரு வாரம், நள்ளிரவு ஒரு வாரம் என்று முறை மாறும். பொங்கலுக்கும் நத்தாருக்கும் பஸ்ஸில் இருக்க நேரும். குடித்தவரும் ஏறுவார், ஏசுபவரும் ஏறுவார். அதே நேரம் சட்டம் உங்களைக் காக்கிறது. ஐந்தரை மணித்தியாலம் ஓடினால் 30 நிமிட ஓய்வு கட்டாயம், ஒரு நாளில் 10 மணித்தியாலத்துக்கு மேல் ஓட விட முடியாது. யுனைட் தொழிற்சங்கத்தில் சேருங்கள். பிரச்சினை வந்த பிறகு சேர்வதைவிட முதல் மாதமே சேர்வது புத்தி.

சொந்தக்காரரின் பேச்சுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1963இல் பிரிஸ்டல் நகர பஸ் கம்பனி, கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பஸ்ஸில் வேலைக்கு எடுக்க மாட்டேன் என்றது. கை பெய்லி என்ற இளைஞரின் நேர்முகம் அவர் நிறம் தெரிந்ததும் மறுக்கப்பட்டது. போல் ஸ்டீபன்சனும் நண்பர்களும் ஊரைத் திரட்டி அந்த பஸ்களைப் புறக்கணித்தார்கள். ஏப்ரல் இறுதியில் தொடங்கிய போராட்டம் ஓகஸ்ட் 28இல் வென்றது. செப்டெம்பரில் ரக்பீர் சிங் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1965இல் இந்த நாட்டின் முதல் இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்ததில் அந்தப் போராட்டத்துக்கும் பங்குண்டு. வொல்வர்ஹம்டனில் தாடியோடும் தலைப்பாகையோடும் பஸ் ஓடும் உரிமைக்காகச் சீக்கியர்கள் 1969 வரை போராடினார்கள். நம்மைப் போல வந்தவர்கள் இவ்வளவு பாடுபட்டுத் திறந்த தொழிலைக் குறைவென்று எண்ண எனக்கு மனம் வராது. கடை போடுவதும் நல்ல தொழில்தான். அது உங்கள் தொழில் அல்ல.

ஆகவே இந்த வாரம் உங்கள் மருத்துவரிடம் சீனியின் அளவைப் பாருங்கள். தியரிப் புத்தகத்தை வாங்குங்கள். பல கம்பனிகள் கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. அந்த நாள் வந்ததும் ஒன்றோடு நிற்காமல் மூன்று நான்கு கம்பனிகளுக்கு விண்ணப்பியுங்கள். நேர்முகத்தில், எவ்வளவு வேகமாக நேரத்தைப் பிடிப்பீர்கள் என்று சொல்ல வேண்டாம். கோபத்தோடு ஏறிய ஒருவரைச் சமாதானப்படுத்திய கதை, ஏற முடியாத ஒரு முதியவருக்காக நின்ற கதை, 15 வருடத்தில் உங்களிடம் நிச்சயம் இருக்கும். அதைச் சொல்லுங்கள். அவர்கள் தேடுவது அந்தச் சாரதியைத்தான்.