பச்சைக்குளமாகிவிட்டதா நீச்சல்குளம்?

ஐப்பசி மழை ஓய்ந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பண்ணை வீடுகளில் காணும் காட்சிதான்: பூட்டிக் கிடந்த வீடு, பாசி படர்ந்த நீச்சல்குளம், மேலே நெளியும் கொசுப்புழு. உடனே மோட்டாரைப் போட்டு மொத்தத்தையும் இறைத்துவிடக் கை துறுதுறுக்கும். வேண்டாம். மழைக்குப் பின் நிலத்தடி நீர் ஏறியிருந்தால், காலித் தொட்டியை அடியிலிருந்து தூக்கி விரிசல் விடவைத்துவிடும்.

முதலில் இலைதழைகளை வலையால் அள்ளிவிட்டு, சுவரின் வழவழப்பு போகும்வரை பிரஷால் தேய்க்க வேண்டும். பி.எச். அளவை 7.2-க்குக் கொண்டுவந்த பிறகே குளோரின்.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.5 மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர். லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரின் ஏற, 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் சுமார் 740 கிராம் பிடிக்கும். பாசி அதிகமென்றால் ஒருமுறை போதாது. வாளித் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும். மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஷெட்டில் கிடக்கும் பழைய குளோரின் மாத்திரையோடு கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் பொழுது சாய்ந்ததும் போடுவதே லாபம்.

ஃபில்டர் இரவு பகலாக ஓடட்டும். பிரஷர் முள் வழக்கத்தைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் பேக்வாஷ். பச்சை போய் வெண்கலங்கலானால் பாசி செத்துக்கொண்டிருக்கிறது.

அடித்தரை வடிகால் மூடி பளிச்சென்று தெரிந்து, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராமுக்குள் இறங்கும்வரை யாரையும் இறங்க விடக் கூடாது, பேரப்பிள்ளைகள் எவ்வளவு அடம்பிடித்தாலும்.