சட்டையில் பெயர் இருக்கா?

போன தை மாசம் எங்க அப்பத்தா கோயிலுக்குப் போயிட்டு அல்லிநகரம் தெரு வழியா நடந்து வந்தாங்க. பைக்கில் வந்த ரெண்டு பேர் நிறுத்தி, "நாங்க போலீஸ். முன்னாடி திருட்டு நடந்திருக்கு. செயினைக் கழட்டிப் பைக்குள்ள வைங்கம்மா" என்றார்கள். அவங்களே பேப்பரில் மடிச்சும் கொடுத்தாங்க. வீட்டில் பிரிச்சுப் பார்த்தா ரெண்டு கல்லு! மூணு பவுன் போச்சு.

"காக்கிச் சட்டை கூட இல்லையே, ஏன் அப்பத்தா நம்புனீங்க?" என்று கேட்டேன். "போலீசுன்னு சொன்னா எதிர்த்துக் கேக்க முடியுமாடா?" என்றார்கள்.

முடியும் என்று சட்டமே சொல்கிறது. மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த டி.கே. பாசு என்பவர் 26-8-1986 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். லாக்கப்பில் ஆட்கள் செத்துப்போவது பற்றிய கடிதம் அது. கோர்ட் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது. (நாம எழுதுற லீவு லெட்டரைக் கூட யாரும் படிக்கிறதில்லை!) பத்து வருஷம் கழித்து, 18-12-1996ல் தீர்ப்பு வந்தது. மொத்தம் 11 கட்டளைகள். முதல் கட்டளையே, கைது செய்யும் போலீஸ்காரர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும் என்பதுதான்.

2010 நவம்பர் முதல் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41பி பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 36வது பிரிவு. கைது பற்றி ஒரு குறிப்பு எழுதி, வீட்டு ஆள் அல்லது ஊரில் மதிப்புள்ள ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். பிடிபட்டவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மஃப்டியில் வந்தால்? கைது செய்யும் ஒவ்வொரு போலீஸ் அதிகாரியும் என்றுதான் சட்டம் சொல்கிறது. மஃப்டிக்குத் தனி விலக்கு அதில் இல்லை.

அமெரிக்காவிலும் இதே பிரச்சினைதான். 2025ல் குடியேற்றத் துறை அதிகாரிகள் முகமூடி போட்டுக்கொண்டு ஆட்களைப் பிடித்தார்கள். பிடிப்பது அதிகாரியா, கடத்தல்காரனா என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஜூலையில் செனட்டர்கள் பாடில்லா, புக்கர் இருவரும், துறையின் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார்கள். செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலம் அதே மாதிரி சட்டமே போட்டது. நவம்பரில் மத்திய அரசு அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது. பெயரைக் காட்டச் சொன்னதற்கு ஒரு வழக்கு!

இதையெல்லாம் அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். மறுநாள் கரண்ட் மீட்டர் பார்க்க வந்த அண்ணனை வாசலிலேயே நிறுத்தி, "தம்பி, கார்டைக் காட்டுப்பா" என்றார்கள். அவர் சிரிச்சுக்கிட்டே எடுத்துக் காட்டினார்.